இரண்டாவது மணி

சாஆ என்ற ஊரில் இருக்கும் அந்த உரக் கம்பெனிக்கு மிஷின் ரிப்பேருக்காக நான் போவது இது மூன்றாவது தடவை. ஜொகூர் பாருவிலிருந்து வண்டி ஓட்டியே இடுப்பு கழன்றுவிட்டது. மதிய இடைவேளையில் போன் எடுக்கும் அமலோற்பவத்தை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக ஆன்சரிங் மிஷின் வாங்கி வைத்தார்கள். அது நான்காவது மணியில் எடுக்க வேண்டும். இதுவரை ஒரு தகவல்கூடப் பதிவாகவில்லை. வாடிக்கையாளர் யாரும் குறையும் சொல்லவில்லை.

வயரை மாற்றினேன். மிஷினையே மாற்றினேன். பழுது எதிலும் இல்லை. இன்று இடைவேளையில் என் ஹேண்ட்போனை ஸ்பீக்கரில் போட்டு ஆபீசுக்கு அடித்துப் பார்த்தேன். மேசைமேல் இருந்த போன் இரண்டு முறை மணியடித்து நின்றது. அதை யாரும் தொடவில்லை.

“வணக்கம், சொல்லுங்க” என்றது கரகரத்த பெண் குரல். கட் பண்ணிவிட்டேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளார்க் மெலிசா மீ நூடுல்ஸ் பொட்டலத்தை அப்படியே வைத்தாள். “நம்ம அமலோற்பவம் ஆன்ட்டி குரல் லா இது!”

வேலை போனபின் அவர் குடிபோன பொந்தியான் வீட்டுக்கு உடனே தன் போனில் அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். கணவர் ஸ்டானிஸ்லாஸ் எடுத்தார்.

“தூங்குறாம்மா. வேலை போனதிலேர்ந்து மத்தியானம் படுத்தா தூக்கத்துல ஒரே பேச்சு. எந்திரிக்கும்போது தொண்டை கட்டிக்கிது. டாக்டருக்கும் ஒண்ணும் புரியல.”

நான் மறுபடியும் ஆபீஸ் நம்பரை அடித்தேன். இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டது. என் போனிலும், மெலிசாவின் போனில் ஸ்டானிஸ்லாசுக்குப் பின்னாலிருந்தும், ஒரே நேரத்தில் அதே குரல் வந்தது.

“மிஷினச் சரி பண்ணிட்டீங்களா சார்? நான் கொஞ்சம் தூங்கணும்.”