சாம்பியனுக்கு லிஃப்ட் இல்லை

என் தங்கை மரகதவல்லி உடற்கட்டுப் போட்டியில் பட்டம் வென்றவள். பட்டினியும் ஓயாத பயிற்சியும் இதயத்தைக் கெடுத்துவிட்டன. படியே ஏறக்கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் அவள் முகத்தைப் பார்த்தது. "சாம்பியன் படியில போகலாமே!" என்று கதவை மூடிக்கொண்டது. திடகாத்திரமானவர்களை அது ஏற்றுவதில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி கைதட்டினார். "நம்ம பிளாட்டுக்கே பெருமைம்மா. ஏறு, வீடியோ எடுக்கறேன்."

கைதட்டலைக் கேட்டதும் அவள் கால் படிக்குப் போய்விட்டது. நான் பிடித்து இழுத்தேன்.

"ஒங்க பெருமையில தீய வைக்க! அந்த வாட்ச்மேன் சேரை எடுங்க சார். நீங்க முன்னால பிடிங்க, நான் பின்னால."

அவளை உட்காரவைத்துத் தூக்கினோம். இரண்டாவது மாடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "கனமாத்தான் இருக்கேம்மா."

"இன்னும் வெயிட் போடுவேன் சார்," என்று தங்கை பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள்.