பழைய போல்ட்

“முப்பது வருஷமா இந்த லாரி சாவியைக்கூட யார் கையிலயும் கொடுத்ததில்ல. இன்னிக்கு உன்னை நம்பி ஆயில் மாத்த விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!” என்று குதித்தார் மாமனார்.

லாரிக்கு அடியில் படுத்து மருமகள் போல்ட்டைக் கழற்றியதும், அது திருகி நிற்கும் ஆயில் தொட்டியின் மரையும் பொடிப்பொடியாய் உதிர்ந்துவிட்டது.

“லேத் பட்டறையில வேலை பாத்தா மட்டும் போதுமா?” என்று மாமியாரும் சேர்ந்துகொண்டாள்.

மருமகள் தொட்டியை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், புது மரை வெட்டி, அதற்கேற்ற பெரிய போல்ட்டும் கடைந்து வந்து மாட்டினாள். ஆயில் ஊற்றியதும் மாமனாரே சாவி போட்டு அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“கெட்டிக்காரிதான்!” என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனாள்.

மருமகள் பழைய போல்ட்டை மாமனாரிடம் நீட்டினாள்.

“நான் கழட்டும்போதே இதுல வெள்ளை டேப் சுத்தியிருந்துச்சு மாமா. மரை போனப்புறம் ஒழுகாம இருக்கத்தான் இப்படிச் சுத்துவாங்க. போன தடவை ஆயில் மாத்தினது யாரு?”

மாமனார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “அத்தைக்குத் தெரிய வேண்டாம்மா...”

“சொல்லல மாமா. நாளைக்கு லோடு நான் எடுத்துட்டுப் போறேன்.”

முப்பது வருஷத்தில் முதல்முறையாகச் சாவி கை மாறியது.