பத்தொன்பதாவது தரிசனம்

"இந்த வருஷம் மட்டும் பதினெட்டு தடவ அந்தப் புத்தரைப் பாத்தாச்சு, லிகாயா. அவரு பாட்டுக்குப் படுத்திருக்காரு, கால் வலி எனக்குத்தான்!" என்றான் ரோடெல்.

பாங்காக்கில் கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மணிலாவிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் ஊர் சுற்றிக் காட்டும் வேலை இவர்கள் தலையில்தான் விழும்.

"வர்றது என் தங்கச்சியோட மாமனார். அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்காம வாங்க," என்றாள் லிகாயா.

நெஸ்டர் வந்தார். கோயில், அரண்மனை, படகு என்று மூன்று நாள் வெயிலில் அலைந்தார்கள். எதைக் காட்டினாலும் அவர் "ஆஹா!" என்றார். ரோடெலும் முதல்முறை பார்ப்பவன்போல் கூடவே வியந்தான்.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு டாக்சியில் கிளம்பினார்கள். வழியில் டிரைவர் ஏதோ கேட்டது ரோடெலுக்குப் புரியவில்லை. நெஸ்டர் முன்னால் சாய்ந்து, தாய்லாந்து பாஷையில் படபடவென்று பதில் சொன்னார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாமா, இந்த பாஷைய எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் லிகாயா.

"இங்கதாம்மா. பதினோரு வருஷம் இந்த ஊர் ஓட்டல்ல பாட்டுக்காரனா இருந்தேன். சொந்தக்காரங்க வந்தா அந்தப் புத்தர்கிட்ட கூட்டிட்டுப் போறதே என் பொழப்பா இருந்துச்சு. இப்பவும் பழைய கூட்டாளிங்களப் பாக்கலாம்னுதான் வந்தேன்."

"ஐயோ, முதல்லயே சொல்லக்கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? உன் வீட்டுக்காரர் ஒவ்வொண்ணையும் அவ்வளவு ஆசையா காட்டினாரு. அதக் கெடுக்க மனசு வரல. ஆஹா, ஆஹான்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் கோணிக்கிச்சு!"