எப்சியின் சாப்பாட்டு ஜெபம்

“ஜெபம் சொல்லாம சோத்துல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்.”

“பசிக்கி அத்த,” என்றாள் நான்கு வயது எப்சி.

“இந்தச் சோறு யாரு தந்தா?”

“ரேஷன் கடை சேட்டு.”

“சேட்டுக்கு யாரு தந்தா?”

“ஏசப்பா.”

“அவர்ட்ட மொதல்ல சொல்லு.”

தாராவிக் குழாயில் தண்ணீர் வந்தாலும் இதே பாடம்தான். மூன்று மாதத்துக்கு முன் சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எப்சியின் அம்மா ஞானப்பூ பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையை ஒப்படைத்துக் கேட்டது ஒன்றுதான். “பிள்ள ஏசப்பாவ மறந்திரக் கூடாது.” வாக்குக் கொடுத்தவளுக்கு, பிள்ளை மறந்துவிடுமோ என்ற பயம் ஒரு நாளும் விடவில்லை.

ஞானப்பூ குணமாகி வீடு திரும்பிய அன்று, சோற்றுத் தட்டை வைத்ததும் எப்சி தானாகவே கண்ணை மூடினாள்.

“ஏசப்பா, சோறு தந்ததுக்கு ஸ்தோத்திரம். அம்மாவக் கொண்டாந்ததுக்கும் ஸ்தோத்திரம். ஆமென்.”

சொல்லி முடித்து, ஏந்தியிருந்த இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

ஞானப்பூ பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

சைனப்பின் முகம் வெளிறிவிட்டது. “அல்லா! நான் தொழுதுட்டு துவா கேக்கயில பாத்திருக்கா. நான் சொல்லிக் குடுக்கலக்கா!”

“கைய எப்படி வச்சா என்னட்டி? கூப்பிட்டது ஏசப்பாவத்தான. நீயும் ஒக்காரு, சோறு ஆறுது.”