வியாழக்கிழமைப் பிழை

"டெல்மிரா, மறுபடியும் மெமரி பிழை. அதே பழைய சர்வர்தான்."

பைசாண்டூ என்ற ஊரில் தன் வீட்டுச் சமையலறையில் இருந்த டெல்மிரா, முதல் மணியிலேயே ஃபோனை எடுத்திருந்தாள். எதிர்முனையில், தலைநகர் மொந்தேவிதேயோவிலிருந்து எல்பியோ. பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். அவள் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"பதறாதே. மொத்த சர்வரையும் நிறுத்திடாதே" என்றபடி மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். "உள்ளே ஓடுற மெஷின்கள்ல, கெட்டுப்போன மெமரிப் பக்கம் எதோடதுன்னு பாரு. அதுக்கு மட்டும் சேதி சொல்லு. அப்புறம் அந்தப் பக்கத்தை இனிமே யாருக்கும் கொடுக்காம ஒதுக்கி வை."

"சரிங்க டீச்சர். இந்தப் பாடத்தை எத்தனை தடவைதான் கேக்குறது?"

"கேட்டும் மண்டையில ஏறலையே!"

எல்பியோ சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பாதியில் இருமலாக மாறும் சிரிப்பு.

"அந்தச் சுற்றுலா வாரம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

மறக்குமா? ஊரே பயணம் கிளம்பும் வாரம். ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபத்து மூன்று மெய்நிகர்க் கணினிகள், ஒரே வீட்டில் இருபத்து மூன்று குடித்தனம் போல ஓடிக்கொண்டிருந்தன. மெமரியில் ஒரு சின்ன இடம் கெட்டது. அவ்வளவுதான், இருபத்து மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. டிக்கெட் ஜன்னல்களில் ஜனங்கள் கத்திய கத்தல் ஃபோன் வழியாகவே கேட்டது.

அதற்கப்புறம்தான் டெல்மிரா ஆறு நாள் உட்கார்ந்து அந்த புரோகிராமை எழுதினாள். ஒரு மூலை கெட்டால், அந்த மூலைக்குச் சொந்தக்காரன் மட்டும் தடுமாறட்டும். மற்றவர்களுக்குச் சேதியே தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், எல்பியோ எண்ணெயில் பொரித்த தோர்த்தா ஃப்ரித்தா ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்தான். இரண்டு பேரும் எண்ணெய்க் கையோடு தட்டித் தட்டி அந்தக் கீபோர்டே பாழாய்ப் போனது.

"அடுத்த தடவை மெமரி கெட்டப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் படுத்துது. பாக்கி இருபத்திரெண்டும் ஜம்முன்னு ஓடிச்சு. அன்னைக்கு நீ அழுதே" என்றான்.

"நான் எங்கய்யா அழுதேன்? ஏசி காத்து கண்ணுல பட்டுது."

"ஆமாமா. எனக்கும் அதே காத்துதான் பட்டுது."

டெல்மிரா மாத்தேயை ஒரு வாய் உறிஞ்சினாள். அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்தான். உடனே விட்டுவிட்டான்; இருவரும் திரையில் எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருஷமும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் ஓய்வு பெற்ற முதல் நாலு மாசம் ஃபோனே அடிக்கவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பிறகு ஒரு வியாழக்கிழமை பழைய சர்வரில் முதல் பிழை வந்தது. அவன் கூப்பிட்டான். அப்புறம் வாராவாரம்.

"டெல்மிரா, ஒரு விஷயம் சொல்லணும்." எல்பியோவின் குரல் இறங்கியது. "நாளைக்கு அந்த சர்வரைக் கழட்டறாங்க."

டெல்மிரா குடுவையைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னது?"

"புது மேனேஜர் யானினா. புதுசா வர்றவங்க பழகுறதுக்குத்தானே அதை வச்சிருக்கோம். வாராவாரம் பிழை காட்டுற பெட்டி எதுக்குன்னு கேக்குறா. நியாயம்தானே?"

"மெமரியை மாத்திப் பாருங்களேன்!"

"மூணு தடவை மாத்தியாச்சு."

"அது நம்ம முதல் சர்வர் எல்பியோ. நாம எழுதினது முதல்ல ஓடினது அதுலதான்."

"உன் புரோகிராம் எங்கேயும் போகாது. இப்ப எல்லா சர்வர்லயும் அதுதான் ஓடுது. போறது அந்தப் பெட்டி மட்டும்தான்."

அப்புறம் நீ என்னை எதுக்குக் கூப்பிடுவே? வாய் வரை வந்ததை டெல்மிரா விழுங்கினாள். ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு மரத்தடியில் பக்கத்து வீட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"நான் யானினாகிட்டப் பேசறேன்" என்றாள் கடைசியில். "அந்தப் பெட்டி மேல எந்தத் தப்பும் இல்லைன்னு சொல்றேன். நம்பர் கொடு."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? ஓய்வு பெற்றவ பேச்சு எடுபடாதா?"

"எடுபட்டுடும். அதான் வேண்டாங்கறேன். அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்." எல்பியோ கொஞ்சம் இருமினான். "கழட்டின மெமரி மூணையும் நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சேன், டெல்மிரா. மூணும் ஒரு குறையும் இல்லாம கல்லு மாதிரி இருக்கு. அந்த சர்வர்ல உன் பழைய பாஸ்வேர்டை அழிக்கச் சொல்லி நாலு தடவை உத்தரவு வந்துது. நான்தான் அழிக்காம வச்சிருந்தேன்."

டெல்மிரா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அதனால, அடுத்த வியாழக்கிழமை அங்கேருந்து பொய்ப் பிழையெல்லாம் அனுப்பி சிரமப்படாதே, தாயே. நேரா என் வீட்டு நம்பருக்கே ஃபோன் பண்ணு."