விழாத கிளெக்

"ஆள் நிக்கிறானா, விழறானா? அதை மட்டும் பார்த்துட்டு வா" என்று சொல்லித்தான், கிளப்புக்கு ஆள் தேடுகிற ஹார்ட்லியை மேனேஜர் அனுப்பியிருந்தார்.

ஆள் என்றால் ஸ்டூ கிளெக். கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். முப்பத்தைந்து வயது, ஒன்பது கிளப். இப்போது ஆடுகிற கிளப்பில் மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஆகஸ்டோடு அதுவும் முடிகிறது.

ஹார்ட்லி 'சரி' என்று எழுதினால் அவர் கிளப்பில் இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம். 'வேண்டாம்' என்று எழுதினால் பதினேழு வருஷ ஆட்டம் அவ்வளவுதான்.

சந்தேகம் வலது முழங்கால் மேல் மட்டும். போன வருஷம் கத்தி வைத்த முழங்கால்.

முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிர் அணியின் ஒன்பதாம் நம்பர் இத்ரிஸ், ஓட்டத்துக்குப் பேர் போனவன். இன்று ஏனோ சோர்ந்து தெரிந்தான். கிளெக்கைத் தாண்ட அவனால் முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த அம்மாள், ஹார்ட்லியின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கீங்க? கிளெக்கையா?"

"சும்மா ஆட்டம் பார்க்கலாம்னு..."

"கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். அவன் காலடி படாத கிளப்னா, எம் புருஷன் சீட்டாடற கிளப் ஒண்ணுதான்!"

இரண்டாம் பாதி தொடங்கியது. ஒன்பது மணி ஆகப்போகிறது, இன்னும் வெளிச்சம். பழைய மில் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

கிளெக் அந்தப் பக்கமே பார்த்தான். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

'கவனம் இல்லை. வானத்தைப் பார்க்கிறான்' என்று ஹார்ட்லி எழுதிக்கொண்டார்.

சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் அது நடந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கிளெக் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுந்தான்.

"எழுந்திருடா தாத்தா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "ஏய் கிளெக்! தலகாணி கொண்டு வரட்டுமா?"

கிளெக்கின் அணிக்கு வைத்தியம் பார்க்கிற மிக் மருந்துப் பையோடு ஓடினான். ஹார்ட்லி முழங்காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிக் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். மற்ற ஆட்டக்காரர்கள் ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் கிளெக் நொண்டிக்கொண்டே எழுந்தான்.

பத்தே நிமிஷம். இத்ரிஸ் எங்கிருந்தோ ஒரு வேகம் எடுத்துக் கிளெக்கைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். ஆட்டமும் அதோடு கை நழுவியது.

'முழங்கால் போச்சு. வேண்டாம்' என்று எழுதி ஹார்ட்லி அடிக்கோடு போட்டார். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பதினேழு வருஷம் ஆயிற்றே.

ஆட்டம் முடிந்து காருக்குப் போகிற வழியில் மிக் எதிரே வந்தான். இருவருக்கும் பழைய பழக்கம்.

"பாவம்யா கிளெக்" என்றார் ஹார்ட்லி. "அந்த முழங்கால் இனி தேறாது, இல்ல?"

"எந்த முழங்கால்?" மிக் சிரித்தான். "அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஓடினானே, நீங்க பார்க்கலையா?"

"அப்ப ஏன் விழுந்தான்?"

மிக் சுற்றுமுற்றும் பார்த்தான். "வெளியே விட்டுடாதீங்க. நான் ஓடிப்போய் 'எங்கடா வலிக்குது'ன்னு கேட்டேன். 'எங்கயும் இல்ல, நீ பாட்டுக்குத் தேய். இத்ரிஸ் நோன்பு திறக்கட்டும்'கிறான்."

"இத்ரிஸா? அவன் எதிர் டீம்யா!"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே கிளப், ஒரே வாடகை வீடு. நோன்பு வெச்சிருக்கேன்னு இத்ரிஸ் அவன் மேனேஜர்கிட்ட மூச்சு விடல. விட்டா வெளியே உட்கார வெச்சிடுவார். விடியக்காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம ஓடிட்டிருக்கான். ஆட்டம் நின்னாத்தானே ஓரமாப் போய் வாயில எதையாவது போட முடியும்?"

"அதுக்கப்புறம் அந்தக் கோல்..."

"ரெண்டு பேரீச்சம்பழம் உள்ளே போயிட்டா அவனை யாரு பிடிக்கிறது? உங்க கிளப்ல யாராவது பிடிப்பாங்களா?"

ஹார்ட்லி கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"நான் வந்திருக்கேன்னு கிளெக்குக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? மத்தியானமே சொல்லிட்டான். 'மிக், இன்னிக்கு எலும்பு உடைஞ்சாலும் நான் கீழ விழமாட்டேன். நீ கோட்டைத் தாண்டி உள்ளே வந்துடாதே'ன்னு."

பையைத் தோளில் மாற்றிக்கொண்டு மிக் போய்விட்டான். ஹார்ட்லியின் போன் அடித்தது. மேனேஜர்.

"என்னய்யா, ஆள் நிக்கிறானா, விழறானா?"

ஹார்ட்லி நோட்டைப் பிரித்து, அடிக்கோடு போட்ட அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கோட்டுப் பையில் திணித்தார்.

"நல்லா நிக்கிறான் பாஸ்" என்றார். "யாருக்காக விழணும்னும் தெரிஞ்சு வெச்சிருக்கான்."