இரண்டு தட்டு

அங்கி போடாத மல்யுத்தம் என்பதால் பிடித்துக்கொள்ளத் துணி கிடையாது. வியர்வையில் வழுக்கும் உடம்பு மட்டும்தான். பிடி தாங்காவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியை இரண்டு முறை தட்டலாம். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

வகுப்பில் ஜெசிந்தா ஒருத்திதான் பெண். அதனால் மாஸ்டர் அவளை அவள் கணவன் ரூபனோடுதான் மோதவிடுவார். இன்று முதல்முறையாக அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அவன் கழுத்து அவள் முழங்கை மடிப்புக்குள் இருந்தது. சுற்றி நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“தட்டுங்க,” என்று அவன் காதில் சொன்னாள். அவன் கை விரிப்பின் மேல் அப்படியே கிடந்தது.

“தட்டிருங்க, கெஞ்சிக் கேக்கேன்.”

விரல்கள் அசையவில்லை. அவளும் தளர்த்தவில்லை. குறட்டை போல ஒரு சத்தம் வந்ததும் மாஸ்டர் பாய்ந்து வந்து அவளைப் பிரித்தார்.

“அவன் தட்டலன்னா என்ன, உனக்குத் தெரியலயாம்மா?”

மயக்கம் தெளிந்த ரூபன் எழுந்து பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். திரும்பும்போது பைக்கில் எப்போதும்போல அவன் இடுப்பைச் சுற்றிக் கைகோத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது அவன் ஒரு கையை எடுத்து, அவள் மணிக்கட்டில் மெல்ல இரண்டு முறை தட்டினான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் விடவில்லை.